யார் முதலில் திரும்பி நடப்பது: டிரென்ட் பிரிட்ஜ் முறைப்பு, 1998

1998 ஜூலை 26, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். நாட்டிங்ஹாமின் டிரென்ட் பிரிட்ஜ் மைதானத்தில் இங்கிலாந்துக்கும் தென்னாப்பிரிக்காவுக்கும் நான்காவது டெஸ்ட், நான்காம் நாள். தென்னாப்பிரிக்க வேகப்பந்து வீச்சாளர் ஆலன் டொனால்ட் அரவுண்ட் த விக்கெட் வந்து வீசிய ஷார்ட் பால் ஒன்று இங்கிலாந்தின் தொடக்க ஆட்டக்காரர் மைக் ஆதர்ட்டனின் தொண்டைக்கு நேராக எழும்பியது. அவர் உடம்பை வளைத்து, முகத்தைக் காப்பாற்றக் கையைக் கொண்டுபோனார். பந்து க்ளவுஸில் பட்டு விக்கெட் கீப்பர் மார்க் பவுச்சரிடம் போய்ச் சேர்ந்தது. டொனால்ட் கொண்டாட ஆரம்பித்துவிட்டார். நியூசிலாந்து அம்பயர் ஸ்டீவ் டன் அசையவில்லை. அவுட் என்று நன்றாகவே தெரிந்திருந்த ஆதர்ட்டனும் அசையவில்லை. அப்போது அவருடைய ஸ்கோர் 27.

டொனால்ட் அம்பயரைப் பார்த்தார், பிறகு ஆதர்ட்டனைப் பார்த்தார். அந்த இரண்டாவது பார்வையும் அதற்கு வந்த பதிலும்தான் இந்த ஆய்வின் பொருள். கிரிக்கெட்டில் முறைப்புக்குக் குறைவே இல்லை. ஆனால் இரண்டு நேர்மாறான சுபாவங்கள் ஒரே பிட்சில் இவ்வளவு நேரம் கண்ணோடு கண் மோதிக்கொண்டதும், அது கேமராவில் முழுசாகப் பதிவானதும் அபூர்வம். பின்னாளில் இருவருமே இதைப் பற்றி ஒளிவுமறைவில்லாமல் பேசியிருக்கிறார்கள். ஆய்வு செய்பவனுக்கு இது பெரிய வசதி.

முதலில் சொல்லைச் சரிபார்த்துக்கொள்வோம். கோபப் பார்வைக்குத் தமிழில் சொல் பஞ்சமே கிடையாது. முறைக்கலாம், உறுத்துப் பார்க்கலாம், கண்ணை உருட்டலாம், வெறிக்கலாம், கண்ணாலேயே எரிக்கலாம். எல்லாம் ஒன்றல்ல. கண்ணை உருட்டுவது பிள்ளைகளிடம். அடி விழாது என்பது இரண்டு தரப்புக்கும் தெரியும். வெறிப்பதில் கோபமே இல்லாமலும் போகலாம். முறைப்புக்கு மட்டும் எதிராளி கண்டிப்பாக வேண்டும். ‘என்ன முறைக்கிற?’ என்று அவன் கேட்டுவிட்டால் முறைப்பு முழுமையடைந்துவிடும். கேட்காமல் திருப்பி முறைத்தால்? டிரென்ட் பிரிட்ஜில் நடந்தது அதுதான்.

பழைய கணக்கு

ஒரே ஒரு பந்துக்காக வந்த கோபம் இல்லை இது. 1995 நவம்பர் கடைசியில் ஜோகன்னஸ்பர்கின் வாண்டரர்ஸ் மைதானத்தில் தொடங்கிய டெஸ்டில், தோல்வியைத் தவிர்க்க ஆதர்ட்டன் 643 நிமிடம் நின்று 185 ரன்னோடு ஆட்டமிழக்காமல் திரும்பினார். அந்த இன்னிங்ஸில் அவர் 99-இல் இருந்தபோது டொனால்டின் பந்து ஷார்ட் லெக்கில் நின்ற கேரி கிர்ஸ்டனின் கைக்கு வந்து நழுவியது. அடுத்த பந்தை ஆதர்ட்டன் ஹூக் செய்து நான்கு ரன்னோடு சதத்தை முடித்தார். கைக்கு வந்த ஆள் தப்பிப்பதும் அடுத்த பந்திலேயே பவுண்டரி போவதும் எப்படி இருக்கும் என்று டொனால்டுக்கு ஏற்கெனவே தெரியும். டிரென்ட் பிரிட்ஜிலும் அதே கதை. தப்பித்த பந்துக்கு அடுத்த பந்து ஆதர்ட்டனின் மட்டை விளிம்பில் பட்டு, ஸ்டம்புக்குப் பக்கத்தில் ஓடி நான்கு ரன் ஆனது.

தொடர் நிலவரமும் கொதிப்புக்குத் தோதாக இருந்தது. லார்ட்ஸில் வென்று தென்னாப்பிரிக்கா 1-0 என முன்னிலை. இங்கிலாந்துக்கு இலக்கு 247. மார்க் புட்சர் அவுட்டாகி நாசர் ஹுசைன் வந்திருந்தார். அந்த மாலையிலேயே இன்னும் ஒன்றிரண்டு விக்கெட் விழுந்திருந்தால் தொடர் கிட்டத்தட்ட கை வந்துவிடும். ஆதர்ட்டனோ அந்த வருஷம் மார்ச்சில்தான் கேப்டன் பதவியை விட்டிருந்தார். ஒரு வகையில் இழக்க எதுவும் இல்லாத மனிதர். இதைச் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம்.

கிட்டத்தில் பார்த்தால்

டொனால்ட் பந்தை வீசிவிட்டு, வந்த வேகத்திலேயே பிட்சின் பாதி வரை வந்துவிடுவார். முகத்தில் வெள்ளை துத்தநாகக் களிம்பு. அதன் நடுவில் கண் இரண்டும் தனியாகத் தெரியும். புருவம் கீழே இறங்கி ஒன்றையொன்று நெருங்கியிருக்கும், மேல் இமை தூக்கியிருக்கும், கீழ் இமை இறுகியிருக்கும். முகபாவத்தை ஒவ்வொரு தசையாகப் பிரித்துப் பதிவு செய்யும் முறையை பால் எக்மனும் வாலஸ் ஃபிரீசனும் 1978-இல் வெளியிட்டார்கள். அதில் கோபத்தின் அடையாளமாகக் காட்டப்படும் புருவமும் இமையும் இங்கே பாடப்புத்தகப் படம்போல இருக்கின்றன. ஒரு வித்தியாசம், வாய். அடக்கிய கோபத்தில் உதடு ஒட்டிக்கொள்ளும். டொனால்டின் வாய் திறந்தே இருந்தது. வார்த்தைகளும் வந்தன, இங்கே எழுத முடியாதவை. ஏமாற்றுக்காரன் என்பதுதான் அவற்றின் சாரம்.

ஆதர்ட்டனின் முகத்தில் படிக்க ஒன்றுமே இல்லை. ஹெல்மெட் கம்பிக்குப் பின்னால் இரண்டு கண், அவ்வளவுதான். குனியவில்லை, பிட்சைத் தட்டவில்லை, க்ளவுஸ் பட்டையைப் பிரித்துக் கட்டவில்லை. பேட்ஸ்மேன்கள் கண்ணைத் தவிர்க்கச் செய்கிற வேலை எதையும் செய்யாமல் நேராகப் பார்த்துக்கொண்டு நின்றார். டொனால்ட் பேச, அவர் பார்க்க, டொனால்ட் திரும்பி நடந்தார். மறுபடி ஓடிவந்தார், மறுபடி பந்து, மறுபடி முறைப்பு.

எனக்கு இதில் முக்கியமாகப் படுவது முகம் இல்லை, கால். பவுலருக்கு அடுத்த பந்து வீச வேண்டும். அதற்கு ரன்-அப் தொடக்கத்துக்குத் திரும்பிப் போயே ஆகவேண்டும். பேட்ஸ்மேனுக்கு எங்கும் போக வேண்டியதில்லை. ஆகவே இந்த முறைப்பில் முதலில் முதுகைக் காட்ட வேண்டியவர் எப்போதும் பவுலர்தான். ரோட்டில் இரண்டு பைக்காரர்கள் முறைத்துக்கொண்டால் யார் முதலில் கண்ணை எடுப்பது என்று எந்த விதியும் இல்லை. இங்கே ஆட்டத்தின் விதியே அதை எழுதி வைத்திருக்கிறது. ஆதர்ட்டன் இதைப் புரிந்துகொண்டு நின்றார். சும்மா நின்றாலே போதும், ஓவருக்கு ஆறு தடவை ஜெயிக்கலாம். டொனால்ட் கோபத்தில் அதை மறந்தார், அல்லது தெரிந்தும் அவரால் நிறுத்த முடியவில்லை.

முறைப்பு ஏன் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு நல்ல பரிசோதனை உண்டு. 1972-இல் ஃபீபி எல்ஸ்வொர்த்தும் அவருடைய சகாக்களும் வெளியிட்டது. சிக்னலில் காத்திருந்த வண்டியோட்டிகளை ஒருவர் கண் எடுக்காமல் உற்றுப் பார்த்தார். பச்சை விளக்கு விழுந்ததும், பார்க்கப்பட்டவர்கள் மற்றவர்களைவிட வேகமாகச் சந்திப்பைக் கடந்து போனார்கள். உற்றுப் பார்வை, பார்க்கப்படுபவரை ஓடச் சொல்கிறது என்பது அவர்கள் முடிவு. சரி, ஓட முடியாத ஆளை முறைத்தால்? கிரீஸில் நிற்கும் பேட்ஸ்மேனுக்குப் பச்சை விளக்கே கிடையாது. ஆகவே பவுலரின் முறைப்பு விரட்டப் பயன்படாது. அவசரப்பட வைத்து ஒரு தப்பான ஷாட் ஆட வைக்கத்தான் பயன்படும். அவசரமே படாத ஆளிடம் அந்த ஆயுதம் மழுங்கிப்போகிறது.

2011-இல் நெதர்லாந்தின் உட்ரெக்ட் ஆய்வாளர்கள் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். கோப முகத்தை, பார்த்ததே தெரியாத அளவு குறைந்த நேரம் திரையில் காட்டினார்கள். பிறர் மேல் மேலாதிக்கம் வேண்டும் என்ற உந்துதல் அதிகம் உள்ளவர்கள், அந்த முகத்திலிருந்து கண்ணை எடுக்க அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். கண்ணை எடுக்காமல் இருப்பது எப்போதும் யோசித்துச் செய்கிற வீரம் இல்லை. சிலருக்கு அது சுபாவத்திலேயே இருக்கிறது. ஆதர்ட்டனுக்கு எவ்வளவு யோசனை, எவ்வளவு சுபாவம் என்று வீடியோவை வைத்துப் பிரித்துச் சொல்ல மாட்டேன்.

கொட்டுகிறவர்

ஆளுமையை வகை பிரிப்பதில் எனக்குப் பெரிய நம்பிக்கை இல்லை. MBTI மாதிரி ஆளுமைச் சோதனைகள் தரும் நான்கெழுத்துப் பட்டத்தை மாட்டிவிட்டு இவர் இப்படித்தான் முறைப்பார் என்று சொல்கிற பட்டியல்கள் ஜோசிய வாரபலன் ரகம். ஆனால் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் சார்லஸ் ஸ்பீல்பெர்கரின் பிரிவு உபயோகமானது. அவர் 1988-இல் வெளியிட்ட கோப அளவீடு, கோபம் எவ்வளவு வருகிறது என்பதோடு, வந்த கோபத்தை ஆள் என்ன செய்கிறார் என்றும் கேட்கிறது. வெளியே கொட்டுகிறாரா, உள்ளேயே வைத்துப் புழுங்குகிறாரா, ஆற்றிக் கட்டுக்குள் கொண்டுவருகிறாரா. ஒரே ஆளிடம் மூன்றும் கலந்திருக்கும், அளவுதான் மாறும்.

டொனால்டிடம் முதல் வகை தூக்கல். 1997 பிப்ரவரியில் டர்பனில் இந்தியாவுக்கு எதிரான ஒருநாள் இறுதிப் போட்டியில் ராகுல் டிராவிட் அவரை சிக்ஸர் அடித்தபோதும் இதேபோல வாய் எல்லை மீறியது. அந்த உறுத்தல் அவருக்குள் இருந்துகொண்டே இருந்திருக்க வேண்டும். 2022 டிசம்பரில், வங்கதேசத்தின் பவுலிங் பயிற்சியாளராக இருந்தபோது, அன்று நடந்ததற்காக டிராவிட்டிடம் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். கிட்டத்தட்ட 26 வருஷம் கழித்து! கொட்டுகிற ஆளின் கோபம் சீக்கிரம் வடிந்துவிடும், வருத்தம்தான் நீண்ட நாள் தங்கும்.

இந்த வகையின் இன்னொரு அடையாளம், கோபம் ஒரே இலக்கில் நிற்காது என்பது. அந்த மாலையில் அது முதலில் அம்பயர் மேல், பிறகு ஆதர்ட்டன் மேல். அப்புறம் ஹுசைன் கொடுத்த சுலபமான கேட்ச் ஒன்றைப் பவுச்சர் நழுவவிட்டார். பவுச்சருக்கு அப்போது வயது 21. டொனால்ட் தலையைப் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்து அலறினார். அந்த அலறலில் ஆதர்ட்டன் மேல் இருந்த கோபமும் சேர்ந்தே வெளியே வந்தது என்று நினைக்கிறேன். வீட்டில் பாத்திரம் உடைகிறபோது உண்மையில் உடைந்தது வேறெதுவோவாக இருக்குமே, அதுபோல.

கோபம் அவருடைய பந்துவீச்சைக் கெடுத்ததா? இல்லை, அதுதான் விசித்திரம். அந்த ஸ்பெல் (ஒரு பவுலர் தொடர்ந்து வீசும் ஓவர்கள்), டெஸ்ட் கிரிக்கெட்டின் மிகச் சிறந்த ஆவேச ஸ்பெல்களில் ஒன்று என்று இன்றும் பேசுகிறார்கள். வேகம் கூடியது, குறியும் தப்பவில்லை. ஆனால் அந்த ஸ்பெல்லில் அவருக்கு ஒரு விக்கெட்கூட விழவில்லை. அன்று ஆட்டம் முடிந்தபோது இங்கிலாந்து 1 விக்கெட்டுக்கு 108. மறுநாள் 8 விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்தது. ஹுசைன் 58, அலெக் ஸ்டூவர்ட் ஆட்டமிழக்காமல் 45, ஆதர்ட்டன் ஆட்டமிழக்காமல் 98.

அந்த டெஸ்டில் இரண்டு இன்னிங்ஸிலும் ஐந்தைந்து விக்கெட் எடுத்தவர் இங்கிலாந்து பவுலர் ஆங்கஸ் ஃபிரேசர். அவர் முறைத்தால் பெரும்பாலும் தன்னையேதான் முறைத்துக்கொள்வார். பந்து பவுண்டரிக்குப் போனால் இடுப்பில் கை வைத்து, கடன்காரன் வாசலில் வந்து நிற்பதுபோல முகத்தை வைத்துக்கொள்வார். அவரைப் பற்றி யாரும் முறைப்புக் கதை சொல்வதில்லை.

வைத்துக்கொள்கிறவர்

ஒப்பிட இன்னொரு முறைப்பு. 1995 ஏப்ரல், டிரினிடாடின் போர்ட் ஆஃப் ஸ்பெயின், மூன்றாவது டெஸ்ட். பிட்சில் புல்லும் ஈரமும். மேற்கிந்தியத் தீவுகளின் கர்ட்லி ஆம்ப்ரோஸ் பவுன்சர் போட்டுவிட்டு ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் வாஹுக்கு எதிரே வந்து நின்றார். ஆறடி ஏழு அங்குல உயரம். ஆம்ப்ரோஸ் ஸ்லெட்ஜிங் (எதிராளியைச் சீண்டிப் பேசுவது) செய்யமாட்டார், பத்திரிகைக்காரர்களிடமும் பேசமாட்டார். ‘கர்ட்லி யாரோடும் பேசுவதில்லை’ என்பது அவரைப் பற்றிய பழமொழி மாதிரி. கண் மட்டும் போதும். கொஞ்ச நேரம் பார்ப்பார், பிறகு அவசரமில்லாமல் திரும்பி நடப்பார். முதலில் முதுகு காட்டுவது பவுலர்தான் என்றேனே, ஆம்ப்ரோஸிடம் அது தோல்வி மாதிரியே தெரியாது. பார்த்த வேலை முடிந்ததால் போகிறார் என்றுதான் தோன்றும்.

அன்று அந்த ஒழுங்கு கெட்டது. வாஹ் பதிலுக்கு முறைத்ததோடு, என்ன பார்க்கிறாய் என்று கெட்ட வார்த்தை சேர்த்துக் கேட்டார். ஆம்ப்ரோஸ் நகரவில்லை. திட்டாதே என்று பதிலும் சொன்னார். அவர் பேசினார் என்பதே பெரிய செய்தி. கேப்டன் ரிச்சி ரிச்சர்ட்சன் வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகவேண்டியிருந்தது. இழுக்கப்படும்போதும் கண் வாஹ் மேலேயே இருந்தது.

உள்ளே வைத்துக்கொள்கிறவரின் முறைப்புக்கு சத்தம் இல்லாததால்தான் பயம் அதிகம். அடுத்து என்ன வரும் என்று தெரியாது. எங்கள் வீட்டில் அப்பா முறைத்தால் ஐந்து நிமிஷத்தில் கத்தி முடித்துவிடுவார், நாங்களும் நிம்மதியாக விளையாடப் போய்விடுவோம். அம்மா முறைக்கவே மாட்டார். முகத்தைப் பார்க்காமல் டம்ளரை மேஜையில் ‘டொக்’ என்று வைப்பார். அன்று முழுக்க யாருக்கும் சோறு இறங்காது. பார்க்க மறுப்பதும் முறைப்பின் ஒரு வகைதான், இன்னும் கடுமையானது. ஆம்ப்ரோஸின் கோபமும் பெரும்பாலும் வேறு வழியில்தான் வெளியே வந்தது. 1993 ஜனவரியில் சிட்னி ஒருநாள் இறுதிப் போட்டியில், மணிக்கட்டில் இருந்த வெள்ளைப் பட்டையைக் கழற்றச் சொன்னார் ஆஸ்திரேலியாவின் டீன் ஜோன்ஸ். பட்டை கழன்றது; ஆம்ப்ரோஸ் 32 ரன்னுக்கு ஐந்து விக்கெட் எடுத்தார். ஜோன்ஸின் சொந்த அணிக்காரர்களே அவரை அன்று மன்னித்திருக்க மாட்டார்கள்.

போர்ட் ஆஃப் ஸ்பெயினிலும் ஆம்ப்ரோஸுக்கு 45 ரன்னுக்கு ஐந்து விக்கெட். ஆனால் வாஹை யாராலும் எடுக்க முடியவில்லை. ஆஸ்திரேலியாவின் 128 ரன்னில் அவர் மட்டும் ஆட்டமிழக்காமல் 63. டெஸ்டை மேற்கிந்தியத் தீவுகள் ஜெயித்தது. ஆனால் கிங்ஸ்டனில் நடந்த அடுத்த டெஸ்டில் வாஹ் 200 அடித்தார், தொடர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது. முறைப்பில் யார் ஜெயித்தார் என்று கேட்டால் எந்தத் தேதிக்கு என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கிறது.

வாஹும் ஆதர்ட்டனும் ஒரே காரியத்தைத்தான் செய்தார்கள், கண்ணை எடுக்கவில்லை. ஆனால் வாஹ் வாயைத் திறந்தார். அது துணிச்சலாகவும் இருக்கலாம், பயத்தை மறைக்கிற வழியாகவும் இருக்கலாம். பெரும்பாலும் இரண்டும் சேர்ந்தே வரும். ஆதர்ட்டன் திறக்கவில்லை. தப்பு தன் பக்கம் என்று தெரிந்த மனிதனுக்கு வாய் இருப்பதே ஆபத்து.

நமக்குத் தெரிந்த ஒன்று

மூன்றாவதை நம் ஊரில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 1996 மார்ச் 9, பெங்களூரு சின்னசாமி மைதானம், உலகக் கோப்பை காலிறுதி. இந்தியா 287. பாகிஸ்தானின் ஆமிர் சோஹைல் வெங்கடேஷ் பிரசாத்தைக் கவரில் பவுண்டரி அடித்துவிட்டு, பந்து போன திசையை மட்டையால் காட்டினார். அடுத்த பந்தில் ஆஃப் ஸ்டம்ப் பறந்தது. பிரசாத் கையை நீட்டி வெளியே போகும் வழியைக் காட்டினார், வார்த்தைகளோடு.

இதில் கவனிக்க வேண்டியது பிரசாத்தின் வழக்கமான முகம். சாதுவானவர், ஸ்லோ பால் போட்டுவிட்டு ஒன்றும் தெரியாததுபோல நிற்கிறவர். டொனால்ட் தினம் கொதித்தார், அதனால் ஒரு கொதிப்பு இன்னொன்றில் கலந்துவிடும். பிரசாத் கொதித்தது அந்த ஒரு தடவைதான் நாட்டுக்கே ஞாபகம் இருக்கிறது. ஆற்றிக் கட்டுக்குள் வைக்கிற சுபாவத்தில் மூடி திறக்கும்போது இப்படித்தான். அதிலும் அவர் அவசரப்பட்டு முறைக்கவில்லை. பவுண்டரிக்கும் போல்டுக்கும் நடுவில் பேசாமல் போய் அடுத்த பந்தைப் போட்டார். கோபத்தைக் காட்டியது ஸ்டம்ப் விழுந்த பிறகு. சோஹைல் முதலில் கோபத்தைக் காட்டிவிட்டு அப்புறம் பந்தை எதிர்கொண்டார். சோஹைல் தோற்றது இந்த வரிசையில்தான் என்பது என் கணிப்பு. ஸ்டம்ப் விழாமல் அதுவும் பவுண்டரிக்குப் போயிருந்தால் நாம் இன்று வேறு பாடம் சொல்லிக்கொண்டிருப்போம் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

டிரென்ட் பிரிட்ஜுக்கே திரும்பினால்

அந்தத் திங்கட்கிழமை டொனால்ட் முறைத்ததைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஞாயிறு மாலையோடு கதை முடிந்துவிட்டது. ராத்திரி தூங்கி எழுந்தால் ஒரு முறைப்பைத் தொடர முடியாது. முதலிலிருந்து ஆரம்பிக்கத்தான் முடியும். அதற்கு டொனால்டிடம் கோபம் மிச்சமில்லை. அடுத்து ஹெடிங்லியில் இங்கிலாந்து 23 ரன் வித்தியாசத்தில் ஜெயித்துத் தொடரை 2-1 எனக் கைப்பற்றியது.

ஆதர்ட்டன் அவுட் என்று தெரிந்தும் நின்றது சரியா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. தீர்ப்பு சொல்வது அம்பயரின் வேலை என்று அந்தக் காலத்து பேட்ஸ்மேன்கள் பலர் நினைத்தார்கள், அவரும் அவர்களில் ஒருவர். குற்ற உணர்ச்சி இல்லாத கண்ணை முறைத்துப் பலன் இல்லை. டொனால்ட் ஒரு திருடனை முறைப்பதாக நினைத்தார், எதிரே நின்றவரோ தன்னைத் திருடனாக நினைக்கவே இல்லை. இரண்டு பேரின் சுபாவத்துக்கும் மேல் இந்த ஒன்றுதான் அந்த மாலையைத் தீர்மானித்தது என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

ஆட்டம் முடிந்த பிறகு இருவரும் சேர்ந்து உட்கார்ந்து பீர் குடித்தார்கள். பந்து பட்ட சிவப்புத் தடம் க்ளவுஸில் அப்படியே இருந்தது. ஆதர்ட்டன் அதில் கையெழுத்துப் போட்டு, டொனால்டின் பெனிஃபிட் நிதிக்கு (நீண்ட நாள் ஆடிய வீரருக்காகத் திரட்டும் பணம்) ஏலம் விடச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.